கேட்போர் என்னும் உறுப்பு: டி.எஸ். பாலையாவின் கலைவாழ்வு

தொல்காப்பியர் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுத்தார். மாத்திரை, அசை, சீர், அடி என யாப்புப் பயின்றோர் அறிந்த உறுப்புகளோடு, ‘கேட்போர்’ என்பதனையும் ஓர் உறுப்பாக அவர் வைத்தமை எண்ணி வியத்தற்குரியது. தலைவி கூறத் தோழி கேட்கிறாள். தோழி கூறச் செவிலி கேட்கிறாள். கேட்பவர் மாறுமிடத்து, அதே சொல் வேறு பொருள் கொள்கிறது. ஆகவே கேட்கும் செவி பாட்டுக்குப் புறம்பானதன்று. பாட்டின் உள்ளேயே இருப்பது. வள்ளுவரும் கேள்விக்கென ஓர் அதிகாரத்தைத் தனியே ஒதுக்கினார்.

இந்த நுட்பத்தைத் தமிழ்த் திரையில் தம் உடலாலும் முகத்தாலும் விளக்கிக் காட்டிய கலைஞர் ஒருவர் உண்டு. பேசத் தெரிந்த நடிகர்கள் நிறைந்திருந்த காலத்தில், பிறர் பேசுவதைக் கேட்கத் தெரிந்த நடிகராக அவர் உயர்ந்தார். கதாநாயகர் வரிசையில் அவர் பெயர் நிலைபெறவில்லை. ஆயினும் அவர் இல்லாமல் பல கதாநாயகர்களின் பெருமை நிறைவுற்றிருக்காது. அவரே டி.எஸ். பாலையா.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தில், பின்னர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய சுண்டங்கோட்டை என்னும் சிற்றூரில் பாலையா பிறந்தார். பனங்காடும் செம்மண் தேரியும் சூழ்ந்த தென்கோடிச் சீமை அது. அங்குள்ள ஊர்களில் கோயில் கொடையும் கூத்தும் நாடகமுமே மக்களின் கலைக்கூடங்களாக விளங்கின. நாடக மோகம் பற்றிக்கொண்ட சிறுவர்கள் வீட்டையும் பள்ளியையும் மறந்து நாடகக் குழுக்களின் பின்னே சென்ற காலம். பாலையாவும் இளமையிலேயே அந்த வழியைத் தேர்ந்தார்.

அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் ஒருவகைக் குருகுலங்கள். 1918ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதன் பின்னர் தமிழகமெங்கும் அத்தகைய குழுக்கள் பெருகின. பாட்டும் வசனமும் மனப்பாடமாக வேண்டும். தன் பாடம் மட்டுமன்றி எதிரே நிற்பவனின் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் நோயுற்றால் மற்றவன் அவ்வேடத்தை ஏற்க வேண்டும். குரலில் மகரக்கட்டு உடைந்துவிட்டால், நேற்றுவரை இராஜபார்ட்டாக நின்றவன் இன்று சேவகனாக ஒதுங்க நேரும். இப்பயிற்சியில் வளர்ந்தோர்க்கு ஓர் உண்மை உடம்போடு ஒட்டியது. மேடையில் தன்முறை வரும்வரை சும்மா நிற்பது என்பதே இல்லை. சும்மா நிற்பதும் ஒரு வேடமே.

1935ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த எல்லிஸ் ஆர். டங்கன் இந்தியாவுக்கு வந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற அவர், உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று வந்தவர். அவர் முதன்முதலாக இயக்கிய படம் ‘சதி லீலாவதி’. எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதிய கதை அது. 1936ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில் எம்.கே. ராதா கதாநாயகனாகத் தோன்றினார். எம்.ஜி. இராமச்சந்திரன் ஒரு காவல்துறை ஆய்வாளராகச் சிறு வேடம் ஏற்றுத் திரையில் அடியெடுத்து வைத்தார். பாலையாவின் திரைவாழ்வும் அதே படத்தில்தான் தொடங்கியது.

அவருக்கு வாய்த்தது இராமநாதன் என்னும் தீயவனின் வேடம். நல்லவனாக வாழும் செல்வனை நட்பு என்னும் போர்வையில் நெருங்கி, குடிக்கும் கேளிக்கைக்கும் அடிமையாக்கி, குடும்பத்தைச் சிதைப்பவன் அவன். வாளெடுத்து வெட்டாமல், நயந்து பேசிக் கெடுப்பவன். பிறர் காதில் நஞ்சை ஊற்றும் வாய் அது. பின்னாளில் கேட்பதில் தேர்ந்தவராக அறியப்பட்ட கலைஞர், பேசியே பிறரைக் கெடுப்பவனாகத் தம் பயணத்தைத் தொடங்கியது விந்தையே.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. சொல்லின் பொருளைப் பிறர் வாயிலாக அறிந்துகொண்டு, நடிகரின் முகத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கொண்டே அவர் காட்சியின் தரத்தை அளந்தாக வேண்டும். கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும்படி உரக்கப் பேசிப் பழகிய நாடக நடிகர்களுக்கு இது புதிய தேர்வு. மொழியறியாத ஒருவருக்கு முகத்தாலேயே பொருள் உணர்த்த வேண்டியிருந்த அந்நாட்கள், பாலையாவுக்கு வீண்போகவில்லை. மறு ஆண்டிலேயே டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’யில், எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராகப் படைத்தலைவன் உருத்திரசேனனாக அவர் தோன்றினார். கம்பர் மகனின் காதலுக்குக் கேடு சூழும் அவ்வேடம், எதிர்நாயகன் என்ற தகுதியை அவருக்கு உறுதிப்படுத்தியது.

அதே 1936ஆம் ஆண்டின் திரைப்படங்களுக்காக, அமெரிக்கத் திரைக்கலைக் கழகம் துணை நடிகர்களுக்கென முதன்முறையாகத் தனிப் பரிசு வழங்கியது என்பதை இவ்விடத்தில் கருதுதல் தகும். அப்பரிசைப் பெற்ற ஹாலிவுட் நடிகர் வால்ட்டர் பிரென்னன், 1938, 1940 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்காகவும் அதனைப் பெற்றார். கதாநாயகனுக்கு அருகே நிற்பவனின் கலையும் தனித்த கலையே என்று அத்திரையுலகம் ஒப்புக்கொண்ட ஆண்டில், இங்கே ஓர் இளைஞர் அக்கலையில் நுழைந்தார். இந்திய அரசின் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகருக்கான விருது ஏற்படுத்தப்பட்டது 1984ஆம் ஆண்டில்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே பாலையா மறைந்துவிட்டார்.

நாற்பதுகளில் அவர் பலதிறப்பட்ட வேடங்களை ஏற்றார். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் நாடகக் காப்பியத்தைத் தழுவி 1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘மனோன்மணி’யிலும், எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’யிலும் (1947) அவர் இடம்பெற்றார். 1949ஆம் ஆண்டு அறிஞர் அண்ணாவின் எழுத்தில், ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கத்தில் வந்த ‘வேலைக்காரி’ ஒரு திருப்பமாக அமைந்தது. பழிவாங்கத் துடிக்கும் கதாநாயகனைத் தடுத்து, ஆயுதத்தைவிட அறிவே வலிமையுடையது என்று நெறிப்படுத்தும் நண்பன் மணியாக அவர் நடித்தார். சீர்திருத்தக் கருத்துகள் அனல் பறக்கப் பேசப்பட்ட படத்தில், நண்பனின் துயரை முதலில் கேட்டறிந்து பின்னரே பேசும் ஒருவனை அவர் உருவாக்கினார்.

ஐம்பதுகளில் தமிழ்த் திரை இரு பெரும் நடிகர்களைச் சுற்றி அணிவகுத்தது. இருவர் படங்களிலும் பாலையா தேவைப்பட்டார். சிவாஜி கணேசன் நடித்த ‘தூக்குத் தூக்கி’யில் (1954) வடநாட்டு வணிகரின் கொச்சைத் தமிழ் பேசும் சேட் நந்தலாலாக வந்து, அருவருப்பையும் சிரிப்பையும் ஒருங்கே எழுப்பினார். எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீர’னில் (1956) நரசப்பனாக வந்தார். இத்தகைய தீயவர்களை அவர் முழு அச்சத்துக்குரியவர்களாக ஆக்கவில்லை. அவர்களுடைய அகந்தைக்கு அடியில் ஒரு கோழைத்தனத்தை வைத்தார். அது வெளிப்படும் நொடியில் அரங்கம் சிரித்தது. அச்சிரிப்பில் கதாநாயகனின் வீரம் உயர்ந்தது. எதிரியின் தாழ்வை இத்துணை நுட்பமாகக் காட்டாவிடின் நாயகனின் உயர்வு வெறும் ஆரவாரமாகவே நின்றிருக்கும்.

1959ஆம் ஆண்டு ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’ வந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்த அண்ணன் தம்பியரிடையே பிளவு மூண்டு, வீட்டின் நடுவே சுவர் எழும் கதை. அண்ணன் வைத்தியலிங்கமாகப் பாலையாவும், தம்பி சுந்தரலிங்கமாக எஸ்.வி. சுப்பையாவும் நடித்தனர். மனைவியின் சொல்லை மீறவும் இயலாமல், தம்பியின் பாசத்தை மறக்கவும் இயலாமல் அண்ணன் தவிக்கிறான். கெடுக்கும் சொல்லைப் பிறர் காதில் ஊற்றியவனாகத் திரைக்கு வந்தவர், இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய சொல்லைத் தம் காதில் ஏற்றுச் சிதைபவராக மாறினார். கேட்பவனும் பொறுப்பாளியே என்னும் உண்மையை அவ்வேடம் உணர்த்தியது.

இவ்வாறு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த பின்னர், ஐம்பது வயதை எட்டும் பருவத்தில் அவருடைய கலையின் பொற்காலம் தொடங்கிற்று. இளமையில் ஒளிர்ந்து முதுமையில் மங்குவது நடிகர்களின் பொதுவிதி. பாலையாவின் வாழ்வு அதற்கு நேர்மாறாக அமைந்தது. அவர் பெயரை நிலைநிறுத்திய நான்கு படங்களும் 1964 முதல் 1968 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவை.

முதலாவது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. 1964ஆம் ஆண்டு அப்படம் வெளிவந்தபோது, கொரட்டூரை அடுத்த அம்பத்தூரில் தொழிற்பேட்டை உருவாகிக்கொண்டிருந்தது. பாடியிலும் பட்டரைவாக்கத்திலும் வயல்களின் இடையே ஆலைக் கூரைகள் எழுந்தன. வேலை தேடி வந்த இளைஞர்கள் புறநகர் இரயிலில் நிறைந்தனர். அக்காலத்து இளைஞர் உள்ளத்தில் கனன்ற கவலையையே அப்படம் நகைச்சுவையாக்கியது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் ஒருவன், முதலாளியின் வீட்டு வாசலிலேயே கூடாரமடித்து வேலை கேட்டுப் பாடுகிறான். அந்த முதலாளியான சின்னமலை எஸ்டேட் விசுவநாதன் பாலையாவே. பணத்தாசையும் முன்கோபமும் எளிதில் ஏமாறும் வெள்ளை உள்ளமும் ஒன்றாய்ப் பின்னிய மனிதர் அவர். தொழிலாளியும் முதலாளியும் ஒருங்கே சிரிக்கும்படி ஒரு முதலாளியைப் படைத்துக்காட்டினார் பாலையா.

அப்படத்தில் படமெடுக்கும் பித்துப்பிடித்த மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தாம் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சி தமிழ்த் திரையில் அழியா இடம் பெற்றது. சொல்பவர் நாகேஷ். ஒலியும் உறுமலும் அடவும் அவருடையவை. பாலையாவோ நாற்காலியில் அமர்ந்து கேட்கிறார், அவ்வளவே. ஆனால் அக்காட்சியின் முழு வெற்றியும் அவர் கேட்ட விதத்தில் இருக்கிறது. கதை கேட்கத் தொடங்கும் அலட்சியம் மெல்ல ஆர்வமாகிறது, ஆர்வம் ஐயமாகிறது, ஐயம் அச்சமாகிறது. தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும் சிற்றொலிகளும், மிரளும் விழிகளும், இருக்கையில் ஒடுங்கும் உடலுமாக, பேயே இல்லாத பேய்க்கதையில் பேயை வரவழைத்துவிடுகிறார். நாகேஷ் சொன்ன கதை எது என்று கேட்டால் எவரும் கோவையாகச் சொல்ல இயலாது. பாலையா அஞ்சியது மட்டும் எவர்க்கும் மறக்கவில்லை. இப்படம் தெலுங்கிலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டின் இந்திப் படத்தில் மெஹ்மூது சொல்ல ஓம்பிரகாஷ் கேட்டார். மொழி மாறியபோதும், கேட்பவருக்கென ஒரு தேர்ந்த நடிகரைத் தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ (1965). பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலமாக வரும் கதையில், பாண்டியன் அவைக்கு அறைகூவி வரும் இசைவல்லான் ஏமநாதனாகப் பாலையா தோன்றினார். எம். பாலமுரளிகிருஷ்ணா பாட, கே.வி. மகாதேவன் இசையில் மாண்டு, தோடி, தர்பார், மோகனம், கானடா என இராகங்கள் மாலையாகத் தொடர்கின்றன. குரல் வேறொருவருடையது என்பதை நம்ப முடியாத அளவுக்குப் பாலையாவின் கழுத்தும் கையும் புருவமும் அப்பாட்டைத் தமதாக்கிக்கொண்டன. பாட்டுப் பயிற்சி இன்றி நடிப்பே இல்லை என்றிருந்த நாடகக் குழுவின் வளர்ப்பு அங்கே துணை நின்றது. அவையையே அற்பமாக நோக்கும் செருக்கு அவர் உட்கார்ந்த கோலத்திலேயே தெரிந்தது.

எனினும் அவ்வேடத்தின் உச்சம் அவர் பாடும் இடத்தில் இல்லை. அன்றிரவு விறகு சுமந்து வந்த எளியவன் ஒருவன் திண்ணையில் சாய்ந்து பாடுகிறான். உறக்கம் கலைந்த எரிச்சலோடு எழும் ஏமநாதன் அப்பாட்டைக் கேட்கிறான். எரிச்சல் வியப்பாகிறது; வியப்பு மருட்சியாகிறது. பாணபத்திரர் தம் மாணவனாக ஏற்கத் தகுதியற்றவன் என்று தள்ளியவன் இவன் எனக் கேட்டதும், அகந்தை முழுதும் இற்று வீழ்கிறது. இரவோடு இரவாக மதுரையை விட்டு நீங்குகிறான். பகலில் பெருமிதமும் இரவில் மருட்கையுமாக, தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளில் எதிரெதிரான இரண்டை ஒரே முகத்தில் அடுத்தடுத்து அவர் நிறுத்தினார். தன்னினும் சிறந்த பாட்டைக் கேட்ட கணத்தில் அதனைச் சிறந்தது என்று உணரும் செவி ஏமநாதனுக்கு இருந்தது. தோற்றவனேயாயினும் அவன் உண்மையான கலைஞன் என்பதைப் பாலையாவின் முகம் நமக்குச் சொன்னது.

1967ஆம் ஆண்டு கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக அவர் நடித்தார். அண்டை வீட்டுக்கு வந்த நடிகையின் பகட்டில் மயங்கி, வரவை மீறிச் செலவிட்டுத் தடுமாறும் மூன்று மகன்களையும் மருமக்களையும் நெறிப்படுத்தும் தந்தை வேடம். நடுத்தரக் குடும்பங்கள் தவணைமுறைப் பொருள்களின் மீது ஆசைகொள்ளத் தொடங்கிய காலத்தின் சித்திரம் அது.

நான்காவதான ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968ஆம் ஆண்டு வந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற புனைபெயரில் ‘ஆனந்த விகட’னில் எழுதிய தொடர்கதை அது. நாதசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், நாட்டியப் பேரொளி பத்மினி மோகனாவாகவும் நடிக்க, தவில் கலைஞர் முத்துராக்காகப் பாலையா அமைந்தார். தவிலின் ஒருபுறம் கழியாலும் மறுபுறம் கூடணிந்த விரல்களாலும் முழக்கப்படுவது. நாதசுரத்தின் போக்கைக் கூர்ந்து கேட்டு, அது எழும்போது உடன் எழுந்து, அது குழையும்போது தான் அடங்கி, அதன் மூச்சு தேயும் இடத்தை நிரப்புவதே தவிலின் தருமம். கேட்கத் தெரியாதவனுக்குத் தவில் இல்லை. பாலையாவின் முப்பத்திரண்டு ஆண்டுக் கலையும் ஓர் இசைக்கருவியின் வடிவில் அவர் மடியில் வந்து அமர்ந்தது போன்ற பொருத்தம் அது. முன்கோபியான சண்முகசுந்தரத்தின் சொல்லாத காதலை முதலில் அறிந்துகொள்பவரும், அதனை வெளிக்காட்டாமல் காப்பவரும் முத்துராக்கே. காயம்பட்டு மீண்டு வாசிக்கும் நண்பனையும், ஆட்டத்தின் வழியே அவன் நலத்தை வினவும் மோகனாவையும் மாறி மாறி நோக்கும் அவர் முகத்தில், காதலர் இருவரும் சொல்ல இயலாதது எழுதப்பட்டிருந்தது.

அதன் பின்னர் அவருக்குக் கிடைத்த காலம் குறுகியது. 1972ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், ஐம்பத்தெட்டு வயது நிறைவுறுவதற்கு ஒரு திங்கள் இருக்கையில் பாலையா மறைந்தார். எதிர்நாயகனாக இருபது ஆண்டுகள், குணச்சித்திர நடிகராக எஞ்சிய ஆண்டுகள் என அவர் கலைவாழ்வைப் பகுப்பது எளிது. ஆயினும் இராமநாதன் முதல் முத்துராக்கு வரை ஓர் ஒற்றை இழை ஓடுகிறது: காட்சியின் மையம் தாமல்லர் என்பதை அறிந்து, மையத்தில் நிற்பவரை ஒளிபெறச் செய்யும் பண்பு. அவர் மைந்தர் இரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் 1975ஆம் ஆண்டு ‘மேல்நாட்டு மருமகள்’ வாயிலாகத் திரைக்கு வந்து, ‘கரகாட்டக்காரன்’ (1989), ‘சாட்டை’ (2012) முதலிய படங்களில் தந்தையின் வழியிலேயே துணை வேடங்களுக்கு உயிரூட்டி, 2023ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார்.

பாலையாவின் வாழ்வு கவிஞர்களுக்குச் சொல்வது ஒன்றுண்டு. கவியரங்கில் மேடையேறுவோர் பலர். தம் பாட்டுப் பாடி முடிந்ததும் அடுத்தவர் பாட்டுக்குக் காத்திராமல் எழுந்து செல்வோரும் உளர். மன்றம் ஒன்று பத்தாண்டுகள் நிலைப்பது பாடியவர்களால் மட்டுமன்று. கொரட்டூரின் மாலைப்பொழுதில், ஆலைப் பணி முடித்து வந்து பின்வரிசை நாற்காலியில் அமர்ந்து, அறிமுகமில்லாத ஓர் இளைஞனின் முதல் கவிதைக்கு முகம் மலர்ந்தவர்களாலும்தான் அது நிலைக்கிறது. அவர்கள் பெயர் அழைப்பிதழில் அச்சாவதில்லை. ஆயினும் அவர்கள் கேட்ட விதத்தால்தான் அந்த இளைஞன் இரண்டாவது கவிதையை எழுதினான். தொல்காப்பியர் உறுப்பென்று எண்ணியது அவர்களையே. அவ்வுறுப்புக்குத் திரையில் ஓர் முகம் கிடைத்தது என்றால், அம்முகம் பாலையாவினுடையது.